ஏணியை எடுத்தவள்

பாதுகாப்பு வகுப்புக்கு எங்கள் வீட்டிலிருந்து நான் போனதே ஆண்களுக்கு நேரம் இல்லாததால்தான். வீட்டுக்கு ஒருவர் வந்தே தீர வேண்டும் என்று பால் வாங்கும் நிறுவனம் கறாராகச் சொல்லிவிட்டது. எல்லா வீட்டிலும் ஒரே யோசனைதான் தோன்றியது. ஓடுகிற இயந்திரத்தில் கையை விடுகிறவனும் சாணத் தொட்டிக்குள் இறங்குகிறவனும் வேலையைப் பார்த்தார்கள். அதில் எதையும் செய்யாத பெண்டாட்டிமார் போய்ப் பாடம் கேட்டோம். "சும்மா உட்காந்துட்டு வா, டீயும் பிஸ்கட்டும் குடுப்பாங்க" என்றார் என் கணவர். கொடுத்தார்கள்தான்.

பாடம் எடுத்த டீச்சர் பொடிசான பெண், குரல் மட்டும் கணீரென்று இருக்கும். மாட்டுக் கொட்டகைக்கு அடியில் இருக்கும் சாணத் தொட்டியைப் பற்றிச் சொன்னாள். அதைக் கிளறினால் விஷவாயு கிளம்பும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். வாயு கூடிவிட்டால் மூக்கே செத்துப்போய், நாற்றம் தெரியாது. நாற்றம் இல்லை என்று நம்பி இறங்குகிறவன் திரும்பமாட்டான். அவனைத் தூக்க இறங்குகிறவனும் திரும்பமாட்டான். அப்பா, மகன், சித்தப்பா என்று ஒரே தொட்டியில் போனவர்களின் கதைகளைச் சொன்னாள். யார் விழுந்தாலும் இறங்காதீர்கள், இன்னொருவரையும் இறங்க விடாதீர்கள் என்று எங்களைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்தாள். நாங்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி ராகம் போட்டுச் சொன்னோம்.

வீட்டுக்கு வந்து அப்படியே ஒப்பித்தேன். கணவரும் கொழுந்தனும் சாப்பிட்டுக்கொண்டே ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டார்கள். பிறந்ததிலிருந்து இந்த நாற்றத்தில்தான் கிடக்கிறோம், இப்போது புதிதாகச் சாகப்போகிறோமாக்கும் என்று கொழுந்தன் கிண்டல் செய்தான். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

அதற்கப்புறம் ஒரு நாள் காலையில் தொட்டியின் பம்பு அடைத்துக்கொண்டது. கணவர் நன்றாகக் கிளறிவிட்டார். பிறகு மூடியருகே குனிந்து மோந்து பார்த்தார். நான் கன்றுகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தேன். "நாத்தமே இல்லடா" என்று தம்பியிடம் சொல்லிவிட்டு அவர் அலுமினிய ஏணியை உள்ளே விடுகிற சத்தம் கேட்டது. வாளியைப் போட்டுவிட்டு ஓடினேன். நான் போவதற்குள் அவர் உள்ளே குப்புறக் கிடந்தார். கொழுந்தன் ஏணியில் கால் வைத்துவிட்டான்.

சட்டையைப் பிடித்து அவனைப் பின்னால் இழுத்துத் தள்ளினேன். அவன் எழுவதற்குள் ஏணியை வெளியே உருவி வீசினேன். அப்படியே குதிக்கப் பார்த்தான். இடுப்பைக் கட்டிக்கொண்டேன். அடித்தான், கடித்தான், கடைசியில் கெஞ்சினான். விடவில்லை. என் கூச்சல் கேட்டு வந்த பக்கத்துப் பண்ணைக்காரர்கள் அவனை அமுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். தீயணைப்புக்காரர்கள் முகமூடி மாட்டிக்கொண்டு இறங்கி என் கணவரை மேலே கொண்டுவந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

அண்ணனின் கை அசைந்ததைப் பார்த்தேன் என்கிறான் கொழுந்தன். நான் பார்க்கவில்லை. உண்மையிலேயே அசையவில்லையா, இல்லை பார்க்கக்கூடாது என்று இருந்தேனா என்று யோசித்து யோசித்து மண்டை காய்ந்துவிட்டது. என் பிள்ளை ஏறி வர முடியாமல் ஏணியை எடுத்துவிட்டாள் என்று மாமியார் துக்கம் கேட்க வந்த ஒவ்வொருவரிடமும் சொல்லி அழுதார். என் பெயரே இப்போது ஏணியை எடுத்தவள்தான். அதெல்லாம்கூடத் தாங்கிக்கொண்டேன். கொழுந்தன் என்னோடு பேசுவதை நிறுத்தியதைத்தான் தாங்க முடியவில்லை. நான் கல்யாணமாகி வந்தபோது புத்தகப் பையோடு திரிந்தவன் அவன். எதற்கெடுத்தாலும் அண்ணி, அண்ணி என்று என் பின்னாலேயே சுற்றியவன். இப்போது நாங்கள் ஒரே கொட்டகையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து பால் கறக்கிறோம். ஒரு வார்த்தை கிடையாது. ஏதாவது வேண்டுமென்றால் என் மகளை, பாப்பாவை, தூது அனுப்புகிறான். அவன் எனக்கு நன்றி சொல்ல வேண்டாம். ஒரே ஒரு தடவை அண்ணி என்று கூப்பிட்டால் போதும் என்றிருந்தது.

டீச்சர் வீட்டுக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். உங்களால்தான் ஓர் உயிர் தப்பியது, அடுத்த வகுப்பில் வந்து நீங்களே சொல்லுங்கள் என்றாள். எனக்கு அந்த ஓர் உயிரைத் தவிர வேறு யாரிடமும் சொல்ல ஆசையில்லை. இருந்தும் ஒத்துக்கொண்டேன். அன்று பாப்பாவிடம் பேசுகிற சாக்கில், அவன் காதில் விழும்படி, எந்த நாள் என்று சத்தமாகச் சொன்னேன். நாலு பேர் முன்னால் கேட்டாலாவது அவன் மனசு இளகும் என்று ஒரு நப்பாசை.

வந்தான். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தான். இந்தத் தடவை ஆண்களும் நிறைய வந்திருந்தார்கள். ஒரு சாவு விழுந்தால்தான் அவர்களுக்கு நேரம் கிடைக்கும் போலிருக்கிறது. நடந்ததை நடந்தபடி சொன்னேன். முன்வரிசைப் பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்றாள் டீச்சர். கொழுந்தன் எழுந்தான்.

"அண்ணி" என்றான்.

கண் நிறைந்து, அவன் முகமே மங்கலாகத் தெரிந்தது.

"உள்ள விழுந்தது பாப்பாவா இருந்திருந்தா, இறங்கியிருப்பீங்களா?"

டீச்சர் பதறிப்போய்க் குறுக்கே வந்தாள். நான் கையமர்த்தினேன். என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். மாட்டேன் என்று சொல்ல வேண்டும். அங்கே இருந்த அத்தனை பேரும் வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டிய பதில் அதுதான். ஆனால் இத்தனை நாள் கழித்து என்னை அண்ணி என்று கூப்பிட்டவனிடம் பொய் சொல்ல வாய் வரவில்லை.

"இறங்கியிருப்பேன்" என்றேன்.

அவனுக்குக் கோபம் வரவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டான்.

"அப்போ எங்க அண்ணன் விழுந்தப்ப மட்டும்தான் உங்களுக்குப் பாடம் ஞாபகம் வந்துச்சு, இல்ல?"

நான் ஏதாவது சொல்வேன் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவனும் உட்காராமல் காத்துக்கொண்டிருந்தான்.