ஆறாவது சீட்டு

ஆரம்பாக்கம் ரயிலடியில் இறங்கி, ஏரிப்பக்கம் போகும் ஷேர் ஆட்டோவில் ஏறி "ஒத்த அடுப்பு" என்றால் போதும், டிரைவர் சிரித்துக்கொண்டே கொண்டுபோய் விடுவார். ஆறு வீட்டுக்காரர்களும் சேர்ந்து வைத்த பெயர் வேறு. அதற்காக மூன்று கூட்டம் போட்டு, அகராதியெல்லாம் புரட்டி, பலகையும் எழுதி மாட்டினார்கள். அதை யார் படித்தார்கள்? ஆறு குடும்பத்துக்கு ஒரே சமையல் என்ற சங்கதி காதில் விழுந்த அன்றே ஊர் பெயர் வைத்துவிட்டது. "கூடப் பொறந்தவனுங்களே ஒரு அடுப்புல ஆறு மாசம் தாங்க மாட்டானுங்க, இதுங்க எம்மா நாளுன்னு பாப்போம்" என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். ஊரையும் குறை சொல்ல முடியாது.

ஐந்து வீடு சென்னையிலிருந்து வந்தது. ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற ஜெசிந்தா, காலேஜில் பௌதிகம் சொல்லிக்கொடுத்த கங்காதரனும் அவர் மனைவியும், கம்ப்யூட்டர் வேலையை இங்கிருந்தே பார்க்கும் சத்யாவும் பரத்தும், இன்னும் இரண்டு குடும்பம். மண் கல் அறுத்துச் சுவர் எழுப்பி, மழைத் தண்ணீரைத் தொட்டியில் பிடித்து, ஏரிக்கும் நிலத்துக்கும் கெடுதல் இல்லாமல் வாழ வேண்டும் என்று கிளம்பி வந்தவர்கள். எதைச் செய்தாலும் கூடிப் பேசி, எல்லோருக்கும் சம்மதம் என்றால்தான் செய்வார்கள். ஒரு நாய்க்குட்டியைச் சேர்த்துக்கொள்ளலாமா என்று பேசி முடிப்பதற்குள் அது வளர்ந்து நாலு குட்டி போட்டுவிட்டது. மற்றபடி நல்லவர்கள். தொல்லையே அங்கேதான் ஆரம்பித்தது.

ஆறாவது வீடு பொன்னியம்மாளுடையது. ஏரிக்கு நடுவே ஒரு தீவுக் குப்பத்தில் வாழ்ந்தவள், ஐம்பது வயது. புருஷன் தருமலிங்கம் போய் ஆறு வருஷம் ஆகிறது. ஒரே மகள் மோகனப்பிரியாவைச் சூலூர்ப்பேட்டையில் கட்டிக்கொடுத்திருந்தாள். ரயிலடியில் இறால் விற்கும்போது ஜெசிந்தாவின் பழக்கம் ஏற்பட்டது. "எங்களோட வந்துடுங்களேன் பொன்னிம்மா" என்று ஜெசிந்தா கூப்பிட, புருஷன் விட்டுப்போன படகையும் வலையையும் விற்றுத் தன் பங்கைப் போட்டுவிட்டாள். கேள்விப்பட்டு மகள் போனிலேயே கத்தினாள்.

"யாரோ எவரோ! நாளைக்குப் போம்மான்னா இன்னா பண்ணுவ? நைனா போனதும் நம்ம ஊர்லயே இன்னா பண்ணாங்கன்னு மறந்துட்டியா?"

பொன்னியம்மாள் மறக்கவில்லை. ஏரியில் இறால் ஓடுகிற இடம் கொஞ்சம்தான், ஆசை எல்லோருக்கும் உண்டு. அதனால் எந்த நாளில் எந்த இடம் யாருக்கு என்று ஊர் கூடி, குடத்தில் சீட்டுப் போட்டுக் குலுக்கி முறை வைப்பார்கள். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். ஒரு தலைக்கட்டுக்கு ஒரு சீட்டு, தலைக்கட்டு என்றால் ஆம்பளை. பாடு முறையில் பேர் இருந்தால் ஏரியில் பங்கு, இல்லாவிட்டால் கரையில் நின்று வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். தருமலிங்கம் இறந்த மறுவருஷம் அவன் பேர் குடத்தில் விழவில்லை, ஆண்பிள்ளை இல்லாத வீடு. யாரும் அவளை விரட்டவில்லை, ஒரு கடுஞ்சொல் பேசவில்லை. கொழுந்தன் பெரியசாமி ஒரு கூடை இறாலோடு வாசலுக்கே வந்தான். "நீங்க இன்னாத்துக்கு அண்ணி கஷ்டப்படணும், நாங்க இல்லியா?" என்றான். மனசாரத்தான் சொன்னான். அந்தக் கூடையை வாங்கிக்கொண்டு உள்ளே போய் அவள் அழுத அழுகையைப் புருஷன் செத்த அன்றுகூட அழவில்லை.

அப்படிப்பட்டவளுக்குத் தன் பேரில் ஒரு வாசல், ஒரு கதவு, ஒரு சாவி. இந்த வயசில் மறுபடி ஒரு தலைக்கட்டாக ஆகிவிட்டோம் என்று அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை. குடிவந்த ஒரு மாதமும் வாசலை இரண்டு வேளை பெருக்கினாள்.

அங்கே ஒரு சமாச்சாரம் உண்டு. நாலடி தோண்டினால் தண்ணீர் வருகிற பூமி அது. செப்டிக் டேங்க் கட்டினால் கிணறு கெட்டுப்போகும் என்று எல்லோருக்கும் பொதுவாக ஒரு சாம்பல் கக்கூஸ் கட்டியிருந்தார்கள். போய்விட்டு வந்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது, இரண்டு கை சாம்பலும் உமியும் போட வேண்டும். கீழே டிரம் இருக்கும். வாரம் ஒருமுறை அதை உருட்டிக்கொண்டுபோய்க் கடைசியில் இருக்கும் குழியில் கவிழ்த்து, மூடி, மக்கவிட வேண்டும். எருவாகிவிடும். காசு கொடுத்து இன்னொரு மனுஷனை இந்த வேலைக்குக் கூப்பிடுவதில்லை, வீட்டுக்கு ஒரு வாரம் என்று முறை வைத்து டிரம்மைத் தாங்களே சுமப்பது என்று முதல் கூட்டத்திலேயே தீர்மானம் போட்டார்கள். அதில் அவர்களை மெச்சத்தான் வேண்டும்.

யார் எந்த வாரம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சீட்டுக் குலுக்கினார்கள். குண்டானுக்குள் கங்காதரன் கைவிட்டு ஒவ்வொன்றாகப் பிரித்துப் படித்தார். பொன்னியம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். ஒரு பேர், இரண்டு பேர், ஐந்து பேர். பிறகு கங்காதரன் குண்டானைக் கீழே வைத்துவிட்டார்.

"இன்னா சார், ஒண்ணு கொறையுதே?"

ஜெசிந்தா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்க பேரை நாங்க போடல பொன்னிம்மா. இந்த அசிங்கம் பிடிச்ச வேலை உங்களுக்கு எதுக்கு? நீங்க எதுக்குக் கஷ்டப்படணும், நாங்க இல்லையா?"

எல்லோரும் அன்பாகப் பார்த்தார்கள். பொன்னியம்மாள் கையை உருவிக்கொண்டு எழுந்து போனாள்.

மறுநாள் காலையில் ஒத்தை அடுப்பில் இரண்டாவது புகை கிளம்பியது. பொன்னியம்மாள் தன் வாசலில் மூன்று செங்கல்லைக் கூட்டி, சட்டியை ஏற்றிக் குழம்பு வைத்துக்கொண்டிருந்தாள். மணம் பொதுச் சமையல் கூடம் வரைக்கும் வந்தது. கூப்பிட்டால், "நீங்க துன்னுங்க" என்பதோடு சரி. மூன்று நாள் அப்படியே போனது. டீக்கடைக்கு விஷயம் போய், "ஒத்த அடுப்பு ரெட்ட அடுப்பாயிடுச்சி" என்று ஆட்டோக்காரர்கள் சிரித்தார்கள்.

உள்ளே அவசரக் கூட்டம். காரம் பற்றவில்லையோ என்றான் பரத். வாரத்தில் மூன்று நாள்தான் மீன் என்றால் பாவம், அவங்க எப்படி இருப்பாங்க என்றாள் சத்யா. இரண்டு மணி நேரம் மிளகாயைப் பற்றியே பேசி, தினமும் மீன், குழம்புக்கு இன்னும் நாலு மிளகாய் என்று ஏகமனதாக முடிவெடுத்து, அதைச் சொல்ல ஜெசிந்தாவை அனுப்பினார்கள்.

ஜெசிந்தா வந்தபோது பொன்னியம்மாள் துணிமணியை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். மிளகாய்த் தீர்மானத்தைக் கேட்டதும், அந்த வேதனையிலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"மொளகாய்க்காவா சிஸ்டர் நான் தனியா அடுப்பு மூட்டுவேன்? நீங்க எவ்ளோ படிச்சவங்க!"

"பின்ன என்ன பொன்னிம்மா? எங்களுக்குப் புரியல. சொல்லுங்க."

"எங்க ஊருல அவுரு செத்ததும் பாடு மொறையிலேந்து பேர எடுத்துட்டாங்க. கொழுந்தன் கூடையில எறா கொண்டாந்து குட்த்தான். நீங்க இன்னாத்துக்குக் கஷ்டப்படணும், நாங்க இல்லியான்னான். நீங்களும் அதே வார்த்தைய, ஒரு எழுத்து மாறாம சொன்னீங்க." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "குடத்துல பேரு இல்லாதவ அந்தச் சோத்துல எப்டி கை வெப்பா? எல்லாம் நல்லவங்க. நல்லவங்க வூட்ல ஒண்டிக்கினு கெடக்கறதுக்கு எம் பொண்ணு வூட்லயே கெடப்பேன். நாளைக்குப் பஸ் ஏறிடறேன்."

ஜெசிந்தா ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் நோயாளிகள் முகத்தைப் பார்த்தே வலியைக் கண்டுபிடித்தவள். இந்த வலியைக் கண்டுபிடிக்காமல் போனோமே என்று வெட்கமாக இருந்தது. மூட்டையைப் பிரிக்கச் சொல்லும் தைரியம் வரவில்லை. நேரே போய்க் கூட்டத்தைக் கூட்டினாள்.

கங்காதரன் தலையைப் பிடித்துக்கொண்டார். "காலங்காலமா இந்த வேலையை யார் தலையில கட்டினாங்கன்னு நமக்குத் தெரியாதா? நாம போய் அந்த அம்மாவை டிரம் தூக்கச் சொன்னா ஊர் என்ன நினைக்கும்? என் மனசே என்ன நினைக்கும்?"

வாசலில் வந்து நின்ற பொன்னியம்மாள் அதைக் கேட்டாள். "சார், நீங்க தூக்கறீங்க இல்ல? உங்க வூட்டம்மா தூக்கறாங்க இல்ல? நான் வேலைக்காரின்னா தள்ளி வைங்க. வூட்டுக்காரின்னா சீட்டு எழுதுங்க."

இந்த ஒரு தடவை கூட்டம் நீளவில்லை. கங்காதரன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். பேரை எழுதி, மடித்து, பழைய ஐந்தோடு சேர்த்துக் குண்டானில் போட்டார். பொன்னியம்மாள் எட்டிப் பார்த்து ஆறையும் எண்ணிக்கொண்டாள். பிறகு குலுக்கி, முதல் சீட்டைப் பிரித்தார். பிரித்தவர் படிக்கவில்லை.

"படிங்க சார்" என்றாள் சத்யா.

"பொன்னியம்மாள்" என்றார் அவர், ஏதோ துக்கச் செய்தி மாதிரி. "வேணும்னா இன்னொரு தடவை குலுக்கிடலாமா?"

"எங்க ஊருல வுழுந்த சீட்டத் திரும்பக் குலுக்குனா வெட்டுக் குத்து ஆயிடும் சார்" என்று சொல்லி, அவர் கையிலிருந்த சீட்டை வாங்கித் தன் சுருக்குப் பையில் போட்டுக்கொண்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறுவதற்கு முன்பே டிரம்மை உருட்டினாள். கனம் தாங்காமல் அது ஒரு பக்கம் இழுத்தது. முகத்தில் துணி கட்டிக்கொண்டு ஜெசிந்தா ஓடிவந்து கைபோடப் பார்த்தாள். "மொற என்னுது, நீ நவுரு சிஸ்டர்" என்று அவளை ஒதுக்கிவிட்டு, குழி வரைக்கும் தானே உருட்டிக்கொண்டுபோய்க் கவிழ்த்தாள். சாம்பல் போட்டு, மண்ணைத் தள்ளி, டிரம்மைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத் தலைக்குக் குளித்தாள். ஈரத் தலையோடு வந்து வாசலில் இருந்த மூன்று செங்கல்லையும் காலால் தள்ளிவிட்டாள். பொதுக் கூடத்தில் போய்த் தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, "நல்லா போடு, பசி உசுரு போவுது" என்றாள். அன்று குழம்பில் நாலு மிளகாய் அதிகம். எல்லோருக்கும் கண்ணில் தண்ணீர் வந்ததற்கு அதைக் காரணம் சொல்லிக்கொண்டார்கள்.

சாப்பிட்ட கையோடு மகளுக்குப் போன் போட்டாள்.

"பிரியா, எனக்குப் பாடு வுழுந்துச்சுடி. எம் பேருல. மொத சீட்டே என்னுது."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"நெசமாவாம்மா?" என்றாள் மகள். "நைனா இருந்திருந்தா எவ்ளோ சந்தோஷப்படும். எந்த எடம்மா குட்த்தாங்க?"

பொன்னியம்மாள் பதில் சொல்ல வாயெடுத்தாள். கண் சாம்பல் கக்கூஸ் பக்கம் போனது. சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. அழுகையும் கூடவே வந்து சேர்ந்துகொள்ள, பக்கத்தில் இருந்த ஜெசிந்தாவின் கையில் போனைத் திணித்தாள்.

"நீயே சொல்லு சிஸ்டர்."