நாகேஸ்வரியின் பக்கம்

கொழும்பு வெள்ளவத்தையில் கதிர்காமநாதன் வீட்டில் முப்பது வருஷமாக ஒரே சட்டம்தான். மகன் கணக்குப் பாடத்தில் கோட்டை விட்டால் அது மனைவி நாகேஸ்வரியின் பக்கம். மகளுக்குப் பல் மிதப்பாக வந்தால் அதுவும் நாகேஸ்வரியின் பக்கம். பரிசு ஏதும் கிடைத்தால் மட்டும் "எங்கட பரம்பரை." இத்தனைக்கும் அவருடைய அம்மாவும் அவளுடைய அப்பாவும் கூடப்பிறந்தவர்கள். காணி வெளியே போய்விடக் கூடாதென்று சொந்தத்துக்குள்ளேயே கட்டிவைத்த கல்யாணம். இதில் இவள் பக்கம் எங்கே முடிகிறது, அவர் பக்கம் எங்கே தொடங்குகிறது என்பது அந்த மனுசனுக்குத்தான் வெளிச்சம்!

தொண்ணூற்றாறில் அவருடைய இரண்டு சிறுநீரகமும் கைவிட்டன. பொரளைப் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கிடந்தார். தம்பி சுந்தரலிங்கம் கொட்டாஞ்சேனையிலிருந்து வழியெல்லாம் ஆமிக்காரனுக்கு அடையாள அட்டை காட்டிக்கொண்டு வந்து, தன் சிறுநீரகத்தில் ஒன்றைத் தருவதாகச் சொல்லி, பரிசோதனைக்கு வீராப்பாகக் கையை நீட்டினார்.

"ஒரு வயித்தில பிறந்தனாங்கள். பொருந்தாமல் எங்க போகும்?"

பொருந்தவில்லை. கொஞ்சம்கூட இல்லை. செய்தி கேட்டதும் தம்பியின் முகத்தில் வந்த துக்கத்தை நம்பியிருக்கலாம், நேரே போய்ப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்காமல் இருந்திருந்தால்.

அதன் பிறகுதான் நாகேஸ்வரி பரிசோதனைக்கு இரத்தம் கொடுத்தாள். முடிவு வந்த அன்று டொக்டர் சிவமணி அவளைத் தனியே அறைக்குள் கூப்பிட்டார்.

"அம்மா, உங்களுக்குப் பாதி நல்லாவே ஒத்துப்போகுது. நீங்கள் ரெண்டுபேரும் சொந்தமோ?"

"ஓம். இவர் என்ர மாமியின்ர மகன்."

"அதுதான். தாயிட்டப் பாதி, தகப்பனிட்டப் பாதி எண்டு வாற மரபணு பிள்ளைக்குப் பிள்ளை மாறும். தம்பிக்குக் கிடைக்காத பங்கு உங்களுக்குக் கிடைச்சிருக்கு. உடம்பு ஏற்காமல் தள்ளிவிடுற பயம் இல்லையெண்டு சொல்லமாட்டன், ஆனா குறைவு." டொக்டர் குரலைத் தாழ்த்தினார். "விருப்பமில்லையெண்டால் இப்பவே சொல்லுங்கோ. பொருந்தேல்லை எண்டு நானே சொல்லிப்போடுவன். ஒருத்தரும் உங்களில குறை சொல்லமாட்டினம்."

அவள் வாய் திறப்பதற்குள் பக்கத்து அறையிலிருந்து கதிர்காமநாதனின் குரல் கேட்டது. பார்க்க வந்த சனத்துக்கு விளக்கம் நடக்கிறது.

"இவளின்ர ஆக்களின்ர சாமான் எனக்குள்ள ஒரு நாள் நிக்குமோ? என்ர உடம்பு உடன தூக்கி எறிஞ்சுபோடும்!"

சீ, என்ன மனுசன்! நாகேஸ்வரிக்குக் கண் நிறைந்துவிட்டது. இந்த வாய்க்கு எத்தனை ஆயிரம் இடியப்பம் அவித்துப் போட்டிருப்பாள்! விருப்பமில்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். அந்தச் சொல் நாக்கு நுனிவரைக்கும் வந்தது. அவர் இல்லாத வீட்டை நினைத்ததும் அதை விழுங்கிக்கொண்டாள்.

"குடுக்கிறன், டொக்டர்," என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஆனா இப்ப போய், பொருந்தேல்லை எண்டு அவருக்குச் சொல்லுங்கோ."

டொக்டர் விழித்தார். "அம்மா, அது எப்பிடி..."

"கனநேரம் வேண்டாம். அந்தச் சனத்துக்கு முன்னால ஒருக்கால் என்ர பக்கத்துச் சாமான் கிடைக்கேல்லையெண்டு அழட்டும். பிறகு நானே போய்ச் சொல்லுறன்."