நாற்பதுக்கு ஒன்பது

எனக்கு வேகம் அதிகம். ஆளுக்கு நாற்பது கேள்வி வீதம் இருபத்திரண்டு பேரின் ஆங்கிலத் தேர்வுத் தாள்களை முக்கால் மணி நேரத்தில் திருத்தி முடித்துவிடுவேன். அதில் எனக்குப் பெருமை வேறு. பயிற்சி நிலையத்தில் மற்ற டீச்சர்கள் விடைத்தாள் கட்டைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். நான் மதியச் சாப்பாட்டு இடைவேளையிலேயே முடித்துவிட்டு, "இன்னுமா திருத்துறீங்க?" என்று அவர்களிடம் வம்பிழுப்பேன்.

வித்தை எல்லாம் ஓர் அட்டையில்தான். கேள்வித்தாளின் வலது ஓரத்தில் வரிசையாகக் கட்டங்கள் இருக்கும், விடையை அதில்தான் எழுதவேண்டும். அந்தக் கட்டங்களுக்கு நேராக அட்டையில் பிளேடால் நாற்பது ஜன்னல் வெட்டி, ஒவ்வொரு ஜன்னலுக்குப் பக்கத்திலும் சரியான விடையை எழுதி வைத்திருக்கிறேன். அட்டையைத் தாள்மேல் வைத்தால் கேள்வி மறைந்துவிடும், விடை மட்டும் தெரியும். ஜன்னலில் 'தி', பக்கத்திலும் 'தி' என்றால் சரி. ஜன்னலில் 'சம்', பக்கத்தில் 'எனி' என்றால் தப்பு. வாக்கியத்தைப் படிக்கவே வேண்டாம். ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதாமலிருக்க இரண்டு விதத் தாள், அதற்கு இரண்டு அட்டை. கதவுப் பக்க வரிசைக்கு ஒன்று, சுவர்ப் பக்க வரிசைக்கு ஒன்று.

நான் நடத்துவது வேலை தேடும் பெரியவர்களுக்கான ஆங்கில வகுப்பு. அதில் எல்லோரையும் பாடாய்ப் படுத்துவது டிட்டர்மினர் பாடம்தான். 'எ', 'தி', 'சம்', 'எனி', 'எவ்ரி' என்று பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வந்து உட்காரும் குட்டிச் சொற்கள். சிலர் உப்புத் தூவுவதுபோல எல்லா இடத்திலும் 'தி' போடுவார்கள். சிலர் எங்கேயுமே போடமாட்டார்கள், கேட்டால் "அது இல்லாமலே புரியுதே மிஸ்" என்பார்கள்.

அந்த வகுப்பில் என் ஓரகத்தியும் சேர்ந்தாள், என் கணவரின் அண்ணன் மனைவி. நான் அக்கா என்று கூப்பிடுவேன். ஒரே வீடு, ஒரே சமையலறை. சமையலறை ஒன்று என்றாலும் அதில் நிற்பது பெரும்பாலும் அவள்தான். நான் 'வேலைக்குப் போகிறவள்' அல்லவா. பதினேழு வருடம் அந்த வீட்டு அடுப்படியில் நின்றவளுக்கு நாற்பத்து மூன்று வயதில் ஓர் ஆசை வந்தது. பல் மருத்துவமனை ஒன்று, வாசல் மேஜையில் உட்கார்ந்து வருபவர்களிடம் ஆங்கிலத்தில் பேச ஒருவர் வேண்டும் என்று எங்கள் நிலையத்தில் கேட்டிருந்தது. வயது தடையில்லை. சனிக்கிழமைத் தேர்வில் முப்பதுக்கு மேல் வாங்குபவர்களை மட்டும் வியாழக்கிழமை நேர்காணலுக்கு அனுப்புவதாக எங்கள் நிலைய மேனேஜர் சொல்லியிருந்தார்.

அக்கா உயிரை விட்டுப் படித்தாள். ஒருநாள் வகுப்பில் திடீரென்று எழுந்து நின்றாள்.

"மிஸ், எனக்கு ஒண்ணு தோணுது. 'கரண்டி எடு'ன்னா ஏதோ ஒரு கரண்டி. 'கரண்டிய எடு'ன்னா அந்தக் கரண்டி, ரெண்டு பேருக்கும் தெரிஞ்ச கரண்டி. நம்ம ரெண்டாம் வேற்றுமை 'ஐ' வர்ற எடத்துலதான் அவங்க 'தி' போடுறாங்களோ?"

எனக்குச் சுருக்கென்றது. பதினோரு வருடமாக இந்தப் பாடம் நடத்துகிறேன், எனக்கு இது தோன்றியதே இல்லை. அதை ஒத்துக்கொள்ள மனசு வரவில்லை.

"அப்ப 'அம்மாவக் கூப்பிடு'ன்னா, 'தி அம்மா'வா?" என்றேன்.

வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தாள். பிறகு நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டாள்.

தேர்வன்று அவள் பத்து நிமிடம் தாமதமாக அரக்கப் பரக்க ஓடி வந்தாள். வீட்டில் எல்லோருக்கும் சமைத்து, எனக்கும் மதியச் சாப்பாடு கட்டிக் கொடுத்துவிட்டு வந்தால் தாமதமாகத்தானே செய்யும்? கதவுப் பக்கத்தில் இருந்த ஒரு காலி நாற்காலியில் உட்காரச் சொல்லி, கையில் மிச்சமிருந்த தாளைக் கொடுத்தேன்.

திங்கட்கிழமை மதிப்பெண்களை உரக்க வாசித்தேன். அவள் முறை வந்ததும் நிறுத்தினேன். நிறுத்தியிருக்கவே வேண்டாம்.

"நாப்பதுக்கு ஒன்பது. வீட்டுலயே டீச்சர வெச்சுக்கிட்டு ஒன்பது!"

கொல்லென்று சிரித்தார்கள். அக்கா தலையைக் குனிந்துகொண்டு, "மண்டையில ஒண்ணும் ஏறல மிஸ்" என்றாள். நானும் சிரித்தேன். அன்று மாலையே மூன்று பேர் பெயர் மருத்துவமனைக்குப் போயிற்று. அவள் வீட்டுக்கு வந்து புத்தகத்தை அலமாரியின் மேல்தட்டில், கை எட்டாத இடத்தில் வைத்தாள்.

புதன்கிழமை பழைய தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். தாள் விதம் பார்த்துத் தனித்தனியாகக் கட்டவேண்டும் என்பது மேனேஜர் உத்தரவு. கதவுப் பக்கக் கட்டுக்குள் சுவர்ப் பக்கத் தாள் ஒன்று கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். அக்காவின் கையெழுத்து.

அவள் உட்கார்ந்தது கதவுப் பக்கம், நான் கொடுத்தது சுவர்ப் பக்கத் தாள். வரிசையை வைத்து அட்டையை எடுத்த என் கைக்கு அது தெரியவில்லை. சரியான அட்டையை எடுத்து வைத்தேன். இனி அந்த ஜன்னல்களை நம்ப மனசு வரவில்லை. அட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு, வருடக்கணக்காகச் செய்யாத காரியத்தைச் செய்தேன். ஒவ்வொரு வாக்கியமாகப் படித்தேன்.

முப்பத்தேழு. வகுப்பிலேயே அதிகம். 'தி' போட்ட இடங்களில் எல்லாம் ஓரத்தில் பென்சிலால் சின்னதாக 'ஐ' என்று குறித்திருந்தாள். தாளின் அடியில் ஒரு குறிப்பு, பேருக்கும் உறவுக்கும் 'தி' வேண்டாம் என்று. நான் கேலி செய்த விதிவிலக்கை அவளே கண்டுபிடித்துச் சேர்த்துக்கொண்டிருக்கிறாள்.

ஒன்று சொல்லிவிடுகிறேன், மறைத்து என்ன ஆகப்போகிறது. வேறு யாராவது ஒன்பது வாங்கியிருந்தால், இது எப்படி என்று தாளைத் திருப்பிப் பார்த்திருப்பேன். அக்கா என்பதால் பார்க்கவில்லை. அவளுக்கு ஒன்பதுதான் வரும் என்று நான் ஏற்கெனவே முடிவு செய்திருந்தேன்.

மேனேஜர் பக்கத்து அறையில்தான் இருந்தார். போய் ஒரு வார்த்தை சொன்னால் போதும், நான்காவது பெயராகச் சேர்த்துவிடுவார். எழுந்து கதவுவரை போனேன். "டீச்சருக்கு அட்டை வைக்கவே தெரியலையா?" என்று அவர் கேட்பது காதில் விழுந்தது. அவர் கேட்கவே இல்லை, நானே கேட்டுக்கொண்டேன். நாளைக் காலையில் அக்காவிடம் முதலில் சொல்லிவிட்டு வரலாம் என்று தாளைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். அக்காவிடம் சொல்லத்தான் கிளம்புவதாக எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

வியாழன் காலை. நேர்காணல் பதினோரு மணிக்கு. எட்டு மணிக்கு எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். அக்கா ரொட்டியும் முட்டையும் பரிமாறினாள்.

அவள் கணவர், நான் மாமா என்று கூப்பிடுபவர், சாப்பிட்டுக்கொண்டே, "இன்னிக்குத்தான அந்த இன்டர்வியூ? நான்தான் அப்பவே சொன்னேனே, இந்த வயசுல உனக்கெதுக்கு இந்த வேண்டாத வேலைன்னு. ஒன்பது மார்க்! வெளியில சொன்னா வெக்கக்கேடு" என்றார்.

இப்போது சொல் என்று மனசு இடித்தது. பை என் காலடியில்தான் இருந்தது. வாயைத் திறந்தேன், ஒரு துண்டு ரொட்டியைப் போட்டு மூடிக்கொண்டேன்.

"பாடம் சரியா நடத்தலையோ என்னவோ" என்று அவர் என் பக்கம் திரும்பிச் சிரித்தார்.

அக்காவுக்குச் சுள்ளென்று கோபம் வந்துவிட்டது. "அவள ஏன் இழுக்குறீங்க? அவ தொண்டத் தண்ணி வத்தச் சொல்லிக் குடுக்குறா. எனக்கு ஏறலன்னா அவ என்ன பண்ணுவா? இவ இல்லாம இருந்தா நான் அந்த வகுப்பு வாசப்படியே ஏறியிருக்க மாட்டேன்." என் தட்டில் இன்னொரு முட்டையை வைத்தாள். "நீ சாப்பிடு."

சாப்பிட்டேன். அதைத்தான் என்னால் இன்றைக்கும் ஜீரணிக்க முடியவில்லை. முழுசாகச் சாப்பிட்டேன், தட்டைக் கழுவி வைத்தேன், வகுப்புக்குப் போனேன். பதினோரு மணிக்கு 'எ', 'ஆன்' நடத்திக்கொண்டிருந்தபோது சுவர்க் கடிகாரம் என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. ஒருதடவைகூட நான் திரும்பிப் பார்க்கவில்லை.

வியாழக்கிழமை எனக்கு அரை நாள் வகுப்புத்தான். மதியம் வீடு திரும்பியதும் சமையலறைக்குள் போனேன். அக்கா பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள். தாளை எடுத்து மேடையில் வைத்தேன். இனிமேல் சொல்லாமல் இருந்தால் நான் மனுஷியே இல்லை என்று தோன்றியது. சொல்லிவிட்டேன்.

"அட்ட மாறிப்போச்சுக்கா. உனக்கு முப்பத்தேழு."

அவள் துணியைக் கீழே வைத்தாள். தாளை எடுத்துப் படித்தாள். முகத்தில் ஒரு நொடி வெளிச்சம் வந்தது, அதை நான் பார்த்தேன். பிறகு கேட்டாள்.

"எப்பத் தெரியும் உனக்கு?"

"நேத்து மதியம்."

"அப்ப காலைல சாப்பிடும்போது?"

பொய் சொல்ல ஒரு வழி இருந்தது. ஆனால் அதற்கும் தெம்பில்லை. "தெரியும்" என்றேன்.

"நான் உனக்காக அவர்கிட்ட சண்ட போட்டப்பவும்?"

"தெரியும்க்கா."

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும், ஓர் அறை விட்டிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"மேனேஜர்கிட்டப் பேசுறேன். அந்தப் பல் டாக்டர் கால்ல விழுந்தாவது கேக்குறேன். நாளைக்கு வகுப்புல எல்லார் முன்னாடியும் என் தப்புன்னு சொல்றேன். மாமாகிட்டயும் நானே சொல்றேன்" என்று படபடவென்று அடுக்கினேன். அழுகை வந்துவிட்டது. கூனிக் குறுகி நின்றேன்.

"சொல்லு. நீ சொல்லித்தான் ஆகணும்" என்றாள். குரலில் கோபம் இல்லை, களைப்புத்தான் இருந்தது. "வேல போச்சுன்னுகூட இல்ல. வேற ஏதாவது வரும். அன்னிக்கு எழுதி முடிச்சுட்டு வரும்போது, எல்லாம் சரியா எழுதியிருக்கோம்னு எனக்குத் தெரியும். பஸ்ல உக்காந்து ஒவ்வொண்ணா மனசுக்குள்ள சொல்லிப் பார்த்தேன். அவ்வளவு சந்தோஷம். நீ ஒன்பதுன்ன உடனே, எனக்குத் தெரிஞ்சதையெல்லாம் தூக்கிப் போட்டுட்டு உன்ன நம்பிட்டேன். தாளக் குடு, பாக்கணும்னு ஒரு வார்த்த கேக்கல பாரு."

அடுப்பில் என் மதியச் சாப்பாடு மூடி வைக்கப்பட்டிருந்தது. அவள் அதைப் பார்க்கவும் இல்லை, எடுத்துப் போடவும் இல்லை.

"வகுப்புக்கு வருவியாக்கா?" என்று கடைசியில் கேட்டேன்.

"வருவேன். நான் ஏன் நிக்கணும்?" தாளை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தாள். "ஆனா இனிமே என் தாள நீ திருத்த வேண்டாம். வேற யாரையாவது திருத்தச் சொல்லு."

"சரிக்கா" என்றேன்.