நாலடிக் குருவி

மௌனி வரைந்த குருவியை வெட்டிப் போட்டது அவளுடைய அண்ணிதான். வேண்டுமென்று செய்யவில்லை. தையல்காரிகளின் கைக்குக் கிடைக்கும் காகிதமெல்லாம் பேட்டர்ன் காகிதம்தானே. அண்ணி அதைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கத்தில் ஒரு சட்டைக் கையை வரைந்தாள், சரக்கென்று வெட்டியும்விட்டாள். மறுநாள் காலையில் அவர்களுடைய தையல் கடைத் திறப்பு. போர்டில் போடுவதற்கென்று வைத்திருந்த குருவி, அளவு நாடாவை அலகில் கவ்விக்கொண்டு பறக்கிற குருவி, ஒற்றை இறக்கையோடு சட்டைக் கையாகிக் கிடந்தது.

"அதனால என்ன, போன்ல இருக்கு" என்றாள் அண்ணி. அவள் எதற்கும் அசரமாட்டாள்.

மௌனி என்பது வீட்டில் வைத்த பட்டப்பெயர். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று பயப்படுகிறாள் என்பான் அண்ணன். நாத்தனாரும் அண்ணியும் சேர்ந்து தொடங்கும் கடைக்கு அண்ணியின் பெயரை வைக்கச் சொன்னதே இவள்தான். வருகிறவர்களிடம் பேசப்போவது அண்ணி, அவள் பெயரே இருக்கட்டும் என்று ஒதுங்கிக்கொண்டாள். குருவி மட்டும் தன்னுடையதாக மேலே தொங்க வேண்டும் என்று உள்ளுக்குள் கொள்ளை ஆசை. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

மதியம் இருவரும் போர்டு அடிக்கும் கடைக்குப் போனார்கள். உள்ளே மை வாசனை. பெரிய மெஷின் ஒன்று இடமும் வலமுமாக ஓடி ஓடித் துணிக்கடை விளம்பரம் ஒன்றைக் கக்கிக்கொண்டிருந்தது. போர்டுக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, ஐந்து மணிக்குள் படம் மெஷினுக்குப் போனால்தான் காலையில் போர்டு கிடைக்கும் என்று சொல்லிவிட்டார்.

அண்ணியின் போனில் இருந்த குருவிக்கு ஒரு பெரிய கதை உண்டு. அவள் எடுத்த போட்டோ அண்ணனுக்குப் போய், அங்கிருந்து நாலு பேரைச் சுற்றித் திரும்பி வந்தது. போனில் இடமில்லை என்று எல்லாவற்றையும் அவள் அழித்துவிட்டாள், மற்றவர்கள் போனிலும் இல்லை. மிஞ்சியது ப்ரொஃபைலில் வைத்திருந்த சின்ன வட்டப் படம். அதைத்தான் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, ஓரத்தை வெட்டி, கொண்டுவந்திருந்தாள்.

போர்டுக்காரர் அதை நாலடிக்கு இழுத்தார். அலகு மாடிப்படியானது. நாடா செங்கல் சுவரானது.

"என்னண்ணே, குருவிக்கு அம்மை போட்ட மாதிரி இருக்கு" என்றாள் அண்ணி.

"இந்தப் படத்துல குறுக்க தொண்ணூத்தாறு புள்ளிதாம்மா இருக்கு. இழுத்தா புள்ளிதான் பெருசாகும். குருவி பெருசாகாது."

நாலடி என்றால் நாற்பத்தெட்டு அங்குலம், ஒரு புள்ளிக்கு அரை அங்குலம் என்று மௌனியின் மனம் தானாகக் கணக்குப் போட்டது. ஒவ்வொரு புள்ளியும் சட்டைப் பட்டன் அளவு. கட்டம் கட்டமாகப் போடும் குறுக்குத் தையல் பூ கைக்குட்டையில் அழகாக இருக்கும். அதே கட்டங்களைப் பெரிதாக்கிப் படுக்கை விரிப்பில் போட்டால் பூவா பூசணிக்காயா என்று தெரியாது.

போர்டுக்காரர் தன்னிடம் இருந்த ரெடிமேட் கத்தரிக்கோல் படம் ஒன்றைக் காட்டினார். அதே கத்தரிக்கோல் எதிர்ப்பக்க முடிதிருத்தும் கடை போர்டில் தொங்கியது.

"முடி வெட்ட வர்றவனெல்லாம் நம்மகிட்ட வந்து தலையக் குனிஞ்சுட்டு உக்காருவான்" என்று சிரித்த அண்ணி, பிறகு பெருமூச்சு விட்டு, எழுத்து மட்டும் போதும் என்று சொல்லிவிட்டாள்.

மௌனி மட்டும் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். உடைந்த குருவிக்குப் பக்கத்தில் அண்ணியின் பெயர் வழவழவென்று இருந்தது.

"அண்ணே, அது ஏன் எழுத்து மட்டும் உடையல?"

இந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்பதுபோல் அவர் திரும்பிப் பார்த்தார்.

"எழுத்து புள்ளி இல்லம்மா, கோடு. இங்க ஒரு முனை, அங்க ஒரு முனை, நடுவுல இவ்வளவு வளைவுன்னு கணக்கு. எந்த அளவு கேட்டாலும் மெஷின் புதுசா வரைஞ்சுக்கும்."

தோளில் ஒரு குறி, கைக்குழியில் ஒரு குறி, நடுவே ஒரு வளைவு. இதைத்தானே தினமும் செய்கிறோம் என்று அவளுக்குப் பட்டது. குழந்தைக்கும் குண்டு மாமாவுக்கும் ஒரே வெட்டுதான், அளவுதான் வேறு.

"அப்போ குருவியையும் அப்படி வரையலாமா?"

வரையலாம், தனக்குத்தான் உட்கார நேரமில்லை என்றார் அவர். ஐந்து மணிவரை அந்தக் கம்ப்யூட்டர் சும்மாதான் இருக்கும், வேண்டுமானால் உட்காரலாம். எப்படிக் குறி வைப்பது, எப்படிக் கோட்டை இழுத்து வளைப்பது என்று இரண்டு நிமிடம் காட்டினார்.

"இவ மவுஸைத் தொட்டதே இல்லண்ணே" என்று அண்ணி சொல்வதற்குள் மௌனி நாற்காலியில் இருந்தாள்.

உடைந்த படத்தை அடியில் வைத்து, ஓரம் முழுக்க நெருக்கமாகக் குறி வைத்துக்கொண்டே போனாள். குருவியின் முதுகு, சுருக்கம் சரியாக வராத சட்டைக் கைபோல் மேடும் பள்ளமுமானது. கடிகாரத்தில் மூன்றரை. கைக்குழிக்கு யாராவது இருபது குறி வைப்பார்களா என்று தன்னையே திட்டிக்கொண்டு எல்லாவற்றையும் அழித்தாள். கழுத்தில் ஒன்று, வாலில் ஒன்று. பிடித்து இழுத்தாள். கோடு சொன்ன பேச்சைக் கேட்டு வளைந்தது.

பிறகு வயிறு, இறக்கை, கடைசியாகக் காற்றில் சுருண்டு போகும் நாடா. அண்ணி டீ வாங்கி வந்து பின்னால் நின்றாள். டீ ஆறிப்போனது.

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது குருவி முடிந்தது. மொத்தம் முப்பத்தொரு குறி. போர்டுக்காரர் அதை நாலடிக்கு இழுத்தார். அலகு ஊசிபோல் நின்றது. நம்பாமல் சுவர் அளவுக்கு இழுத்தார், அப்புறம் நகத்தளவுக்குச் சுருக்கினார்.

"காலர் லேபிளுக்கும் இதையே அடிச்சுக்கலாம்" என்றவர், கண்ணாடியை மறுபடி நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு மெஷினை ஓடவிட்டார்.

காலையில் கடை வாசலில் நல்ல கூட்டம். வருகிற ஒவ்வொருவரையும் அண்ணி நிறுத்தி வைத்து, மேலே பார்க்கச் சொல்லி, குருவி எங்கள் நாத்தனார் வரைந்தது, மொத்தமே முப்பத்தொரு குறிதான் என்று, தானே வைத்ததுபோல் சொல்லிக்கொண்டிருந்தாள். நடுவில் மௌனி பக்கம் திரும்பினாள்.

"அந்தக் குருவியை எனக்கு அனுப்புடி, ப்ரொஃபைல்ல வைக்கணும்."

மௌனி கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். போர்டுக்காரர் குருவியை ஏற்றிக் கொடுத்த பென்டிரைவை அதன் முனையில்தான் கட்டி வைத்திருந்தாள்.

"தர்றேன் அண்ணி. வெட்ட மாட்டேன்னு எல்லாரும் கேக்குற மாதிரி சொல்லுங்க."

வாசலே சிரித்தது. அண்ணன் ஏணியிலிருந்து இறங்கிக்கொண்டே, இப்போது பேசியது யார் என்று கேட்டான்.

"முதலாளி" என்றாள் அண்ணி.