ஜும்பெர் வீட்டில் இறங்கிய பதினோரு சம்பந்திகள்

வாசலில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஒருவன் நின்றால், அவனைத் தாண்டி வண்டி ஓட்டிப் போகிற டிரைவர், திராட்சை விளைகிற ககேத்திச் சீமையில் இன்னும் பிறக்கவில்லை. அன்றைக்கு நடந்த கூத்துக்கெல்லாம் அதுதான் மூலம்.

கையை விரித்து நின்றவன் ஜும்பெர். ஐம்பத்தெட்டு வயது, கல் வேலைக்காரன். சுமந்து சுமந்து தோள் இரண்டும் முன்னால் வளைந்துபோனதால், சும்மா நின்றாலே யாரையோ கட்டிப்பிடிக்கப் போகிறவன் மாதிரிதான் இருப்பான். அன்று நிஜமாகவே கட்டிப்பிடிக்கத்தான் நின்றான். அவனுடைய ஒரே மகள் நத்தேலாவை, தலைநகர் திபிலிசியில் அவளோடு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் ரமாஸ் என்ற பையன் பெண் கேட்டிருந்தான். பையனுடைய அப்பா, அம்மா, சொந்தபந்தமெல்லாம் ராச்சா மலையிலிருந்து வேன் பிடித்து முதல்முறையாக வருகிறார்கள். பையனும் பெண்ணும் வேலை முடிந்து சாயங்காலம்தான் வர முடியும். ஆக, வருகிறவர்களின் முகம் ஜும்பெருக்குத் தெரியாது, அவன் முகம் அவர்களுக்கும் தெரியாது.

"பத்துப் பன்னெண்டு பேர் வருவாங்கப்பா. ராச்சாக்காரங்க, எல்லாம் நிதானமாத்தான் பேசுவாங்க. நீ பதறாத" என்று மகள் போனில் சொல்லியிருந்தாள்.

பதறாதே என்று அவள் சொன்னதற்குக் காரணம் உண்டு. போன வருஷம் வந்த ஒரு வரன் ஜும்பெர் வாயால்தான் கெட்டது. அந்தப் பையனின் தகப்பனார் மதுவில் தண்ணீர் ஊற்றிக் குடித்தார். "குதிரைக்கா தண்ணி காட்டுறே?" என்று இவன் கேட்டுவிட்டான். அதோடு சரி, அவர்கள் போய்விட்டார்கள். நத்தேலா மூன்று மாதம் அப்பாவோடு பேசவில்லை. இந்த வரனும் போனால் அவள் திபிலிசியிலிருந்து ஊர்ப்பக்கமே வரமாட்டாள் என்று மனைவி எத்தேரி சத்தியம் செய்து சொல்லியிருந்தாள்.

"இன்னைக்கு உன் வாய்ல கல்லைப் போட்டு அடைச்சுக்கோ. கொத்தனுக்குத் தெரியாத வேலையா?"

"நான் என்னத்தைப் பேசப்போறேன்? சிரிச்சிட்டே இருக்கேன், போதுமா?"

அப்படிச் சிரித்துக்கொண்டு நின்றபோதுதான் வெள்ளை வேன் வந்து நின்றது.

அதில் வந்தவர்கள் சம்பந்தி வீட்டார் இல்லை. பாத்துமி ஊரின் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். ஒன்பது பெண்கள், இரண்டு ஆண்கள். மூன்று நாளில் நான்கு பழைய ஊர், ஐந்து கோட்டை, ஆறு மது நிலவறை என்று ஒரு சுற்றுலா. அவர்கள் போகவேண்டியது இன்னும் இரண்டு வாசல் தள்ளி, ஷால்வா வீட்டுக்கு. ஷால்வா சுற்றுலாக்காரர்களுக்குச் சோறு போட்டுச் சம்பாதிக்கிறவன். ஆனால் வழிகாட்டிப் பெண் கத்துனா வேலைக்குப் புதுசு. அவள் கையிலிருந்த தாளில் 'மரக் கதவு, மீசை வைத்த வீட்டுக்காரர், பழைய சடங்குகளோடு குடும்ப விருந்து' என்று மட்டும் இருந்தது. கதவும் இருந்தது, மீசையும் இருந்தது. மரத்தடியில் மேசை வேறு போட்டிருந்தது. அவள் வேறென்ன பார்ப்பாள்?

ஜும்பெராவது கேட்டிருக்கலாம். ஆனால் வந்தவனுக்கு ஒரு வாய் போடுவதற்கு முன்னால் நீ யார், எந்த ஊர் என்று கேட்பது அந்தப் பக்கத்தில் பெரிய கேவலம். கேட்டவன் கதை ஏழு தலைமுறைக்கு ஓடும்.

முதலில் இறங்கிய நரைத்த மனிதரை ஜும்பெர் அப்படியே தூக்கிவிட்டான். "சம்பந்தி! ராத்திரியெல்லாம் தூங்கலை சம்பந்தி, உங்களை நெனச்சு!"

அவர் பாவ்லே, பூகோள வாத்தியார். காற்றில் கால் ஆட, திரும்பிக் கத்துனாவைப் பார்த்தார்.

"சடங்கு ஆரம்பிச்சாச்சு சார். நீங்க மாப்பிள்ளையோட அப்பா போல. அப்படியே கூட நடிங்க" என்று அவள் காதோரம் சொன்னாள்.

பாவ்லே நாற்பது வருஷம் பள்ளி ஆண்டுவிழாவில் ராஜா வேஷம் கட்டியவர். உடனே மார்பை நிமிர்த்தினார். "சம்பந்தி! நானும்தான் தூங்கலை!"

எத்தேரிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. மகளுக்குப் போன் போட்டாள். "வந்துட்டாங்கடி. நல்ல மனுஷங்க. உங்கப்பா அவரைத் தூக்கிட்டாரு, அவரு ஒண்ணும் சொல்லலை."

விருந்து தொடங்கியது. காய்ந்த திராட்சைக் கொடியை எரித்த தணலில் பன்றிக்கறி, சூட்டோடு ரொட்டி, பாலாடைக்கட்டி, வால்நட் அரைத்துப் பூசிய கத்திரிக்காய். தட்டின் மேல் தட்டு வைக்கிற அளவுக்கு. பந்தித் தலைவனாக ஜும்பெரே உட்கார்ந்தான். கடவுளுக்கு ஒரு கோப்பை, நாட்டுக்கு ஒரு கோப்பை, போய்ச் சேர்ந்தவர்களுக்கு ஒரு கோப்பை என்று வரிசை பிசகாமல் நடந்தது. வேன் டிரைவர் மட்டும் குடிக்காமல் தின்றுவிட்டு மரத்தடியில் குறட்டை விட்டான்.

தலைமையாசிரியையாக இருந்த லமாரா ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டாள்.

"எத்தனை மதுத் தாழி மண்ணுக்குள்ள புதைச்சு வச்சிருக்கீங்க?"

"ஏழும்மா."

"ஒரு தாழி எவ்வளவு பிடிக்கும்? வீடு கட்டி எத்தனை வருஷம்? கூரை ஒழுகுமா?"

அவள் எழுத எழுத ஜும்பெருக்கு மீசை துடித்தது. எத்தேரியின் பக்கம் சாய்ந்தான். "சொத்துக் கணக்கு எடுக்கிறாடி."

"எடுக்கட்டும். நீ சிரி."

சிரித்தான். பேச்சு கோட்டைப் பக்கம் திரும்பியது. இங்கிருந்து கிளம்பிக் கோட்டைக்குப் போகப்போவதாகவும், அதன் கிழக்கு மூலைக் கோபுரத்தைத்தான் படத்தில் பார்த்து மயங்கிப் போனதாகவும் லமாரா சொன்னாள். "நானூறு வருஷத்துக் கல்லு! அந்தக் காலத்துக் கை வேற, இந்தக் காலத்துக் கை வேற."

"கிழக்கு மூலையா? அது ஒம்பது வருஷம்தான் ஆச்சு. இடிஞ்சு விழுந்ததை நான்தான் எடுத்துக் கட்டினேன். இதே கைதான்" என்று ஜும்பெர் கையை நீட்டிக் காட்டினான்.

லமாரா நோட்டில் எழுதியதை அடித்தாள். பிறகு கறியைப் பிய்த்துக்கொண்டே பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்.

"நேத்து பார்த்த ரெண்டுல மொதோ வீடு கண்ணுக்கு லட்சணம். ஆனா உள்ள விஷயமில்ல."

"ரெண்டாவது வீட்டுல உபசாரம் பத்தாது. நாளைக்கு இன்னும் மூணு வீடு இருக்கே. எல்லாம் பார்த்துட்டு எது நல்லதுன்னு சொல்லுவோம்."

ஜும்பெர் கையிலிருந்த கறியைத் தட்டில் போட்டான். நேற்று இரண்டு, நாளைக்கு மூன்று. பெண் பார்க்க வந்தவர்களா, சந்தையில் மாடு பார்க்க வந்தவர்களா? எத்தேரி மேசைக்குக் கீழே அவன் காலை மிதித்தாள். மிதித்த காலை எடுக்கவே இல்லை. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து கோப்பையைத் தூக்கினான்.

"எம் பொண்ணு நத்தேலா பொறந்த அன்னைக்கு நான் கல்லு தூக்கிட்டிருந்தேன். சேதி கேட்ட சந்தோஷத்துல கல்லைக் கால்ல போட்டுக்கிட்டேன். அந்த வெரல்ல இன்னைக்கு வரைக்கும் நகம் கெடையாது. செருப்பு மாட்டும்போதெல்லாம் அவ பொறந்த நாளு ஞாபகம் வரும். அப்பேர்ப்பட்ட பொண்ணை யாராவது பத்து வீட்டோட ஒரு வீடா நிறுத்திப் பார்த்தா பார்க்கட்டும். விருந்தாளியை நான் ஒரு சொல் சொல்ல மாட்டேன். ஆனா எம் பொண்ணு எப்படிப்பட்ட வீட்டுலேருந்து வர்றான்னு அவங்க குடிச்சுத் தெரிஞ்சுக்கட்டும். எத்தேரி, மண்வெட்டியை எடு. கல்யாணத் தாழியைத் தொறக்கிறேன்!"

"ஐயோ, அது கல்யாணத்துக்கு வச்சதுங்க!" எத்தேரி குறுக்கே விழாத குறைதான்.

ஆசிரியைகள் ஒன்பது பேரும் கைக்குட்டையை எடுத்துவிட்டார்கள். கைதட்டல் ஓயவில்லை. கடைசியில் உட்கார்ந்திருந்த ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "அண்ணே, அந்தக் கால் வெரல்லேருந்து இன்னொரு தடவை சொல்லுங்கண்ணே. நான் போன்ல எடுக்கத் தவறிட்டேன்."

ஜும்பெருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் மண்வெட்டி கைக்கு வந்துவிட்டது. நிலவறைக்குள் போய் மண்ணை ஒதுக்கி, களிமண் பூச்சை உடைத்து, கல் மூடியைப் புரட்டினான். நீளக் காம்பு போட்ட சுரைக்குடுக்கையால் முகந்து ஊற்றினான். மஞ்சள் வெயிலை உருக்கி ஊற்றியது போல இருந்தது. பதினோரு பேரும் குடித்துவிட்டுக் கோப்பையை மறுபடி நீட்டினார்கள். பாவ்லே வேஷத்தையும் மறந்து உண்மையாகவே அழுதார். "சம்பந்தி, எனக்குப் பையனே இல்லை சம்பந்தி. இருந்திருந்தா இந்த வீட்டுலதான் பொண்ணெடுப்பேன்."

"பையன் இல்லையா?"

ஜும்பெர் கையில் குடுக்கையோடு அப்படியே நின்றான். அந்த நேரம் பார்த்துக் கத்துனா எல்லோரிடமும் எழுதி வாங்கிய கருத்துத் தாள்களைக் கொண்டுவந்து, மேலாக இருந்ததை அவன் கையில் கொடுத்தாள். "பாருங்க, எவ்வளவு நல்லா எழுதியிருக்காங்க!"

அவன் விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தான். 'உணவு: நன்று. நிலவறை: மிக நன்று. கழிப்பறை: பரவாயில்லை. தகப்பனாக வந்தவரின் நடிப்பு: மிகமிக நன்று. அழுகை வரும் இடம் இன்னும் கொஞ்சம் நீண்டிருக்கலாம்.'

"ஏம்மா" என்றான் ஜும்பெர், குரலே எழும்பாமல், "நீங்கள்லாம் யாரு?"

சாப்பிட்டு முடித்தபிறகு கேட்டதால் அதில் கேவலம் ஒன்றும் இல்லை. கத்துனா சொன்னாள். சொல்லச் சொல்ல அவள் முகமும் தாள் மாதிரி வெளுத்தது. "அப்போ இது ஷால்வா வீடு இல்லையா?"

"அப்போ எங்க சம்பந்தி எங்கடி?" என்று எத்தேரி தலையில் கையை வைத்தாள்.

எங்கே என்று யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. இரண்டு வாசல் தள்ளி, ஷால்வா வீட்டு முன்னால் இன்னொரு வேன் நின்றது. ஜும்பெர் ஓடினான். பின்னால் எத்தேரி, கத்துனா, கோப்பையைக் கீழே வைக்க மனமில்லாத பதினோரு வாத்தியார்கள்.

ஷால்வாவும் வாசலில் கையை விரித்துத்தான் நின்றிருக்கிறான். ராச்சாக்காரர்கள் இறங்கினார்கள். அவனும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. சுற்றுலாக்காரர்களுக்கு என்னென்ன உண்டோ எல்லாம் செய்ய வைத்திருந்தான். மாப்பிள்ளையின் அம்மா வெனேரா ஏப்ரன் கட்டிக்கொண்டு, வால்நட்டை நூலில் கோத்துத் திராட்சைக் கூழில் முக்கித் தொங்கவிட்டிருந்தாள், முப்பத்திரண்டு சரம். அத்தைமார்கள் ரொட்டி அடுப்புக்குள் தலையை விட்டுக் கரி பூசியிருந்தார்கள். நடு முற்றத்தில் மரத்தொட்டிக்குள், முழங்காலுக்கு மேல் கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு, வெள்ளை மீசையோடு ஆறடி உயரத்தில் ஒருவர் நிதானமாகத் திராட்சை மிதித்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையின் அப்பா கலிஸ்த்ராத்தே.

தொட்டிப் பக்கத்தில் ஷால்வா கத்திக்கொண்டிருந்தான். "சுற்றுலாச் சீட்டு எங்கேன்னு கேட்டா, எந்தச் சீட்டுன்னு கேக்குறாரே!"

"வாங்க, போகலாம்" என்று வெனேரா ஏப்ரனைக் கழற்றி எறிந்தாள். "மூணு மணி நேரமா வேலை வாங்கிட்டு இப்போ சீட்டு கேக்குறாங்க. பொண்ணும் வேணாம், ஒண்ணும் வேணாம். ரமாஸ்கிட்ட நான் சொல்லிக்கிறேன்."

ஜும்பெர் தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். சொல்லாமல் மறைக்க வழியில்லை. இரைக்க இரைக்கச் சொல்லிவிட்டான்.

"சம்பந்தி, நான்தான் ஜும்பெர். இவங்களை நீங்கன்னு நெனச்சு உக்காரவச்சுட்டேன். உங்களுக்கு அடிச்ச பன்னியை இவங்க தின்னுட்டாங்க. பொண்ணுக்குன்னு வச்ச தாழியையும் தொறந்துட்டேன். என்னை என்ன வேணா சொல்லுங்க. பொண்ணை ஒண்ணும் சொல்லாதீங்க."

கலிஸ்த்ராத்தே மிதிப்பதை நிறுத்தினார். முதலில் வலது காலை வெளியே எடுத்தார். அப்புறம் இடது காலை. இரண்டும் கத்திரிக்காய் நிறம்.

"யாருன்னு கேக்கலையா?" என்றார்.

"சாப்பிடாதவங்ககிட்ட எப்படிக் கேக்குறது?"

அவர் அதை மென்று பார்ப்பது போல நின்றார். "நீயும் கேக்கலையா?" என்று ஷால்வாவைப் பார்த்தார்.

"நானும் எப்படிக் கேக்குறது? நீங்க இன்னும் சாப்பிடவே இல்லையே. மிதிச்சு முடிச்சப்புறம்தான் சாப்பாடு" என்றான் ஷால்வா.

"ம்" என்றார் கலிஸ்த்ராத்தே. "வேலை வாங்குறது ககேத்திச் சம்பந்தம் பண்ற முறைன்னு நெனச்சேன்." பிறகு ஜும்பெரிடம், "அந்தத் தாழியைக் காட்டு."

ஊதாக் கால் தடம் தெருவில் பதியப் பதிய அவர் முன்னால் நடந்தார். கூட்டம் மொத்தமும் பின்னால் போனது. கத்துனா மட்டும் கெஞ்சினாள். "ஆறு மணிக்குக் கோட்டையைப் பூட்டிடுவாங்க!"

"பூட்டட்டும். கட்டினவர் இங்கதான் இருக்காரு" என்றாள் லமாரா.

நிலவறையில் கலிஸ்த்ராத்தே மண்டி போட்டு உட்கார்ந்து தாழிக்குள் எட்டிப் பார்த்தார். மோந்தார். குடுக்கையை வாங்கி ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடினார். மூடிய கண் திறக்கவில்லை. ஜும்பெருக்கு நெற்றியில் வியர்வை இறங்கியது. இந்த முறை எத்தேரி அவன் காலை மிதிக்கவில்லை, கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லித் தொலையுங்களேன்! அந்த மனுஷன் செத்துருவாரு போல" என்றாள் வெனேரா.

"யாரு எவருன்னு கேக்காமப் பதினோரு பேருக்கு இதை ஊத்தியிருக்கான்" என்றார் அவர், ஒவ்வொரு சொல்லாக. "இவன் பேரப்பிள்ளைக்கு எப்படி ஊத்துவான்னு யோசிக்கிறேன்."

வெனேரா புடைத்த மூக்கோடு குடுக்கையைப் பிடுங்கி ஒரு வாய் குடித்தாள். இரண்டாவது வாயும் குடித்தாள். பிறகு எத்தேரியின் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். எத்தேரி கன்னத்திலும் திராட்சைக் கூழ் ஒட்டிக்கொண்டது.

"ஆனா ஒரு விஷயம்" என்றார் கலிஸ்த்ராத்தே, முழங்காலைப் பிடித்து எழுந்துகொண்டே. "தொறந்த தாழி எத்தனை நாள் தாங்கும்?"

"நாலு நாள். அதுக்கு மேல புளிச்சிரும்."

"இன்னைக்கு வியாழன். அப்போ ஞாயித்துக்கிழமை கல்யாணம்."

"ஞாயித்துக்கிழமையா!" எத்தேரிக்குக் குரல் கிழிந்தது. "துணி எடுக்கணும், பாதிரியார்கிட்ட சொல்லணும், பன்னி ஒண்ணுகூட இல்லை! பொண்ணுகிட்டயும் பையன்கிட்டயும் யாருங்க கேக்குறது?"

வெளியே கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. "அப்பா! எல்லாரும் எங்க?" என்று நத்தேலாவின் குரல்.

ஜும்பெர் சம்பந்தியைப் பார்த்தான், சம்பந்தி ஜும்பெரைப் பார்த்தார்.

"நீங்க போய்ச் சொல்லுங்க சம்பந்தி" என்றான் ஜும்பெர். "நான் பேசக்கூடாதுன்னு வீட்டுல உத்தரவு."