சங்க அறையில் அரிசி

பூட்டு பூட்டியபடியே இருந்தது. கதவும் நாதாங்கியும் தத்தம் இடத்தில் அசையாமல் நின்றன. பக்கத்துச் சுவர்தான் இல்லை. சசிரேகா சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, சுவர் இருந்த இடத்தின் வழியாகத் தன் ரேஷன் கடைக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள். மூடுபனி அவளுக்கு முன்பே உள்ளே போய், தராசின்மேலும் காலிச் சாக்குகளின்மேலும் நிதானமாக அமர்ந்திருந்தது. கடையிலிருந்து காட்டை நோக்கிச் செல்லும் தேயிலைப் பாதையில் அரிசி வெள்ளைக் கோடாகச் சிந்திக் கிடந்தது. சில இடங்களில் தடித்தும் சில இடங்களில் மெலிந்தும் சென்ற அந்தக் கோடு, செடிகள் முடிந்து மரங்கள் தொடங்கும் இடத்தில் பனிக்குள் கரைந்துபோயிற்று. யாரோ தூக்கத்தில் எழுதத் தொடங்கி, பாதியில் விட்டுச் சென்ற வாக்கியத்தைப் போலிருந்தது அது.

"பெரியவர் வந்துட்டுப் போயிருக்காருங்க, சார்," என்றாள் சசிரேகா, என்னைக் கண்டதும். "கதவத் திறந்து வெச்சிருந்தாலாவது சுவர் மிஞ்சியிருக்குமுங்க."

ஓவேலி மலையில், எங்கள் எஸ்டேட்டின் மேல் டிவிஷன்காரர்கள் யானையை யானை என்று சொல்வதில்லை. சொன்னால் அதற்குக் கேட்கும் என்பது நம்பிக்கை. தந்தமில்லாத அந்த ஆண் யானைக்கு ரேஷன் அரிசியின்மேல் எப்படி ருசி விழுந்ததென்று யாருக்கும் தெரியாது. பலாப்பழத்தை விட்டது; வாழையை விட்டது; அரிசியின் வாசனையைத் தேடி தொழிலாளர்களின் லைன் வீட்டுச் சுவர்களை முகர்ந்து நடக்கத் தொடங்கியது. இந்தக் கடையைச் சென்ற கோடையிலும் ஒருமுறை திறந்து பார்த்திருந்தது.

கையில் துணிப்பையோடு மாரியாயி பனிக்குள்ளிருந்து வந்தாள். வாழ்நாள் முழுவதும் இதே எஸ்டேட்டில் கொழுந்து பறித்து ஓய்ந்தவள். லைனின் கடைசி வீட்டில் தனியாக இருப்பவள்.

"ஏ அம்மணி, அரிசி உண்டா?"

"பெரியவர் வாங்கிட்டுப் போயிட்டாருங்கம்மா."

மாரியாயி சுவர் இல்லாத இடத்தைச் சற்று நேரம் பார்த்தாள். "கைரேகை வெச்சாரா? எனக்கு மட்டும் வெரலத் தேய்ச்சுத் தேய்ச்சு வெக்கச் சொல்ற."

சசிரேகா சிரித்தாள், சிரிப்பு பாதியிலேயே நின்றது. இன்னொரு முறை உடைந்தால் கடையைக் கீழே பஜாருக்கு மாற்றிவிடுவதென்று வழங்கல் அலுவலகத்தில் முன்பே முடிவு செய்திருந்தார்களாம். அடுத்த மாத அரிசி கீழேதான் இறங்கும். மேலே உறுதியான கான்கிரீட் அறை ஒன்று கிடைத்தால் மட்டும் யோசிப்பார்களாம். பஜார் எங்களுக்குத் தொலைவு. ஜீப் வரும் நாளில் வரும். மழை தொடங்கிவிட்டால் அதுவும் வராது. மாரியாயியின் முழங்கால்களோ அந்த இறக்கத்தை எப்போதோ மறந்துவிட்டவை.

"அரிசி கீழ போனா நானும் கீழ போயிடுவேனுங்க," என்றாள் அவள், என்னிடம். "திருப்பூர்ல மக கூப்ட்டுட்டேதான் இருக்கா. பனியன் கம்பெனிக்குப் பக்கத்துல ஊடு. மாடியில. செடியே இல்லியாம்."

கான்கிரீட் அறை என்றதும் எங்கள் மூவரின் பார்வையும் ஒரே திசையில் திரும்பிற்று. அங்கே பனிக்கு மேலே ஒரு கொடிக்கம்பத்தின் நுனி மட்டும் தெரிந்தது. அதன் அடியில்தான் தொழிற்சங்க அறை இருந்தது.

நெடிய வேலைநிறுத்தம் ஒன்று முடிந்தபின், தொழிலாளர்கள் தாமே கட்டிய அறை அது. கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு, மாலைதோறும் ஓடையிலிருந்து தலைச்சுமையாகக் கல் கொண்டுவந்தார்கள். தேயிலைத் தொழிற்சாலையைத் தவிர இந்த மேட்டில் கான்கிரீட் கூரை போட்ட கட்டடம் அது ஒன்றுதான். பிறகு பிள்ளைகள் கோவைக்கும் திருப்பூருக்கும் இறங்கிப் போனார்கள். இப்போது கொழுந்து பறிக்க வடநாட்டிலிருந்து வருகிறவர்கள் பருவத்தோடு போய்விடுகிறார்கள். சங்கத்தில் எஞ்சியவர் அதன் செயலாளர் அம்புரோஸ் மட்டும்தான் என்று சொன்னாலும் பெரிய பிழை இல்லை. அவர் சிறுவனாக இருந்தபோது இலங்கையிலிருந்து கப்பலில் வந்திறங்கிய குடும்பம் அவருடையது. ஞாயிறுதோறும் அறையைத் திறந்து, பெருக்கி, மேசைக்கு எதிரே பெஞ்சுகளை வரிசைப்படுத்தி, சுவரில் தொங்கும் செங்கொடியைத் தட்டி மாட்டுவார். சற்று நேரத்தில் கூட்டம் தொடங்கப்போகிறது என்பது போலிருக்கும். பிறகு பூட்டிவிட்டுப் போவார்.

"முடியாது," என்றார் அம்புரோஸ், அன்று தாவூதின் தேநீர்க் கடையில் நான் அறையைக் கேட்டபோது. "சங்கத்துக்குள்ள கவர்மென்ட் மூட்டையா? நாங்க என்ன குடோனா கட்டினோம்?"

"ஏழைங்களுக்கு அரிசி குடுக்கிறது உங்க கொள்கைதானே, அம்புரோஸ்? அரசாங்கமே செஞ்சா கசக்குதா?" என்றேன்.

"வாத்தியாரே, அரிசி கொடுத்தா சோசலிசமா? அப்ப மழையும் சோசலிசந்தான். எல்லா லயத்து வீட்டுலயும் சமமாத்தான் ஒழுகுது." அவர் குவளையைக் கீழே வைத்தார். "தேயிலை நம்ம கையில இருக்கணும். அதுதான் சங்கதி. எஸ்டேட் தொரை வயித்துக்குப் பத்தாத கூலி போடுறாரு. பத்தாதத அரசாங்கம் அரிசியா கொட்டுது. நல்லா யோசிச்சுப் பாருங்க. ரேஷன் கார்டு நமக்கில்ல, தொரைக்கு."

எனக்குக் கோபம் வந்தது. "அரிசிய நிறுத்திட்டா தொரை கூலிய ஏத்திடுவாரா? அதுவரைக்கும் இவங்க எதைத் தின்னுட்டு உங்க புரட்சிக்குக் காத்திருக்கிறது?"

"உங்களுக்கென்ன, பென்ஷன்காரர்! அதுவும் சோசலிசந்தானே?"

தாவூத் பாலை உயர்த்தி ஆற்றிக்கொண்டே, மலையாளம் கலந்த தன் தமிழோடு நடுவில் புகுந்தார். "மாஷே, ரெண்டு பேரும் வெறுதே சண்டை போடுறீங்க. நேரான கம்யூனிஸ்ட் நம்ம பெரியவர்தான். கார்டு வேண்டாம், வரிசை வேண்டாம், எல்லா ஊட்டுலயும் ஒரே மாதிரி எடுத்துக்குறாரு. என் கடையில விக்காம கெடக்குற அரிசிகூட அவருக்கு வேண்டாம், சர்க்கார் அரிசிதான் வேணும்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. என் சினம் அம்புரோஸின்மேல் இல்லை என்பது வீடு திரும்பும் வழியில்தான் எனக்கே விளங்கிற்று. குன்னூர்ச் சரிவுகளில் விடுமுறைக்கென்று மாளிகை கட்டிக்கொண்டு, கண்ணாடிக்குப் பின்னாலிருந்து மலையைப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். 'எல்லாம் இலவசம், அதனால்தான் யாரும் வேலைக்கு வருவதில்லை' என்று அவர்கள் மூக்கைச் சுளிப்பதை நான் கேட்டிருக்கிறேன். எண்ணெய்க்கும் சோப்புக்கும் வரி செலுத்தாத கை எங்கள் லைனில் ஒன்றுகூட இல்லை. மாரியாயியின் இளமையையும், முழங்கால்களையும், அவள் நனைந்த மழைகளையும் இலவசமாகப் பெற்றுக்கொண்டவர்களை எந்தப் பத்திரிகையும் கணக்குக் கேட்டதில்லை. கிழவிக்கு ஒரு பை அரிசி போய்விட்டால் மட்டும் நாடு திவாலாகிவிடுமாம்! ஆனால் இதையெல்லாம் நான் பனியிடம்தான் சொன்னேன். பனி எதையும் மறுப்பதில்லை. அது பாட்டுக்கு என் முன்னால் வந்து, விலகி, எனக்குப் பின்னால் கூடிக்கொண்டது.

அடுத்த ஞாயிறு அம்புரோஸ் பெருக்கிக்கொண்டிருந்தபோது நான் வாசற்படியில் அமர்ந்திருந்தேன். நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. கோபத்தினால் அல்ல; பேசினால் கலைந்துவிடக்கூடிய ஓர் அமைதி அந்தப் பிற்பகலில் இருந்தது. தேயிலைச் செடிகளின்மேல் பனி இறங்கியிருந்ததனால் மலை முழுவதும் தரையிலிருந்து சற்றே மேலெழும்பி மிதப்பதாகத் தோன்றிற்று. அந்த மிதப்பினூடே மாரியாயி வந்தாள். அவள் கக்கத்தில் ஒரு செங்கோழி இருந்தது.

"ஏனுங்க தலைவரே, இந்தக் கோழியப் பாத்துக்கோணுமுங்க. பஸ்ல ஏத்த மாட்டேங்கிறாங்களாம்."

அம்புரோஸைத் தலைவரே என்று அழைக்கிறவர் இந்த மேட்டில் அவள் ஒருத்திதான் மிச்சம். கேலியாகத்தான் அழைப்பாள். ஆயினும் அந்தச் சொல் காதில் விழும்போதெல்லாம் அவர் முதுகு தன்னையறியாமல் நிமிர்வதை நான் பல முறை கண்டிருக்கிறேன். அன்று நிமிரவில்லை.

"எப்ப?"

"மழைக்கு முன்னால."

"அரிசிக்காகவா போற?"

"பின்னே? எங்கப்பன் அரிசிக்குத்தான் இந்த மலை ஏறினான். நான் அரிசிக்கு இறங்கறேன். இதுல என்ன இருக்குதுங்க?" வாசலுக்கு வெளியே நின்றபடியே அவள் உள்ளே எட்டிப் பார்த்தாள். "அட, பெஞ்செல்லாம் அப்படியே இருக்குது. உக்காரத்தான் ஆளில்ல."

"உள்ள வா."

அவள் தயங்கினாள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், சுவரோரப் பெஞ்சின் ஒரு மூலையில் அமர்ந்தாள். அந்த மூலைதான் முன்பு அவளுடைய இடம் போலும். இருட்டில் தன் வீட்டு விளக்கைத் தேடும் கையைப்போல அவள் உடம்பு நேராக அங்கே சென்றது. கோழி அவள் மடியில் கண்ணை மூடிக்கொண்டது. கதவு வழியாகப் பனி நுழைந்து, பெஞ்சுகளின் இடைவெளிகளை மெல்ல நிரப்பிற்று. அந்த வெண்மைக்குள் பெஞ்சுகள் காலியாக இருக்கின்றனவா, நிறைந்திருக்கின்றனவா என்று சொல்ல முடியவில்லை. கம்பளி போர்த்திய தோள்களும், மழைக்குத் தலையில் சாக்குக் கொங்காணி கவிழ்த்த பெண்களும், ஒருவர் மடியிலிருந்து ஒருவர் மடிக்கு நகரும் குழந்தைகளும் அங்கே இருப்பதாக எனக்கு ஒரு கணம் தோன்றியது. அம்புரோஸுக்கும் தோன்றியிருக்க வேண்டும். துடைப்பத்தைச் சாத்திவிட்டு மேசையருகே அசையாமல் நின்றார். எதையோ அறிவிக்கப்போகிறவர்போல நின்றார். ஆனால் அவரிடம் அறிவிக்க ஒன்றும் இருக்கவில்லை.

கோழி ஒருமுறை முனகியது.

"வாத்தியாரே," என்றார் அம்புரோஸ் இறுதியில், என்னைப் பாராமலே. "அந்தக் கடைப் புள்ளைய வரச் சொல்லுங்க."

மறுநாள் சசிரேகா வந்தாள். அறையின் நீள அகலத்தைப் பார்த்தாள். சுவரை ஒட்டாமல் ஒரு பக்கமாக மூட்டைகளை அடுக்கினால் வெளியிலிருந்து எட்டாது என்றாள். "வாடகை எவ்வளவுன்னு ஆபீசுல கேப்பாங்க, சார்."

"வாடகைப் பேச்சு வேணாம்," என்றார் அம்புரோஸ். "கொடிய எடுக்கக் கூடாது. பெஞ்சுகள வெளிய போடக் கூடாது. இன்னொண்ணு, இந்த அறையில யாரும் வரிசையில நிக்கக் கூடாது. உக்காந்துதான் வாங்கணும்."

"உக்காந்தா?" அவள் விழித்தாள். "ரேகை மிஷினு மேசையிலல்லங்க இருக்கும்?"

"நீ எந்திரிச்சு அவங்ககிட்டப் போ."

"யாராச்சும் வந்து பாத்துட்டு, என்ன இதுன்னு கேட்டா?"

"கூட்டம் நடக்குதுன்னு சொல்லு."

அவள் போனபின் நான் கேட்டேன்: "அப்ப, இது சோசலிசம்னு ஒத்துக்கிட்டீங்க."

"இல்ல வாத்தியாரே. அது வெறும் அரிசி." சாவிக்கொத்திலிருந்து ஒரு சாவியை அவர் நகத்தால் நெம்பிக் கழற்றிக்கொண்டிருந்தார். "பெஞ்சு வேற."

அரிசி வந்த நாளில் எல்லோரும் பழக்கத்தினால் வெளியே வரிசையாகத்தான் நின்றார்கள். அம்புரோஸ் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி உள்ளே அழைத்தார். பிறர் வீட்டில் அமர்வதுபோலப் பெஞ்சுகளின் விளிம்பில் அமர்ந்து, பைகளை மடியில் இறுக்கிக்கொண்டார்கள். சசிரேகா கைரேகை இயந்திரத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பந்தி விசாரிப்பவள்போல ஒரு பெஞ்சிலிருந்து மறு பெஞ்சுக்குச் சென்றாள். "இன்னிக்குத்தாண்டி என் வெரலுக்கு மருவாதி வந்திருக்குது," என்றாள் மாரியாயி, அறை சிரித்தது. நிற்கிறவர்கள் தங்கள் முறையைப் பற்றி மட்டுமே நினைக்கிறார்கள். அமர்ந்தவர்களுக்குப் பக்கத்தில் ஒருவர் இருக்கிறார். முதலில் மழையைப் பற்றிப் பேசினார்கள். பிறகு முழங்கால் வலி. பிறகு, ஈரக் கொழுந்துக்கென்று எடையில் கழிப்பது இந்த ஆண்டு ஏன் கூடிற்று என்று ஒருத்தி கேட்டாள். அந்தக் கேள்வி கொடிக்குக் கீழே தனியாக நின்றது.

அம்புரோஸ் அப்போது வாசலில், அழைப்பில்லாமல் கலியாணத்திற்கு வந்தவர்போல ஒதுங்கி நின்றிருந்தார். "தலைவரே, நீங்க உக்காரலீங்களா?" என்றாள் மாரியாயி. இந்த முறை குரலில் கேலி இருந்ததா என்று என்னால் நிச்சயமாகச் சொல்ல முடியாது. அவர் கடைசிப் பெஞ்சில் வந்து அமர்ந்தார்.

போகும்போது அவள் தன் அரிசியை எடுத்துக்கொண்டாள், அம்புரோஸிடம் விட்டிருந்த கோழியைக் கேட்கவில்லை. "உம் கோழி?" என்றார் அம்புரோஸ். "அடுத்த அரிசி வரைக்கும் அங்கயே கெடக்கட்டுங்க. செவுரு நிக்குதான்னு பாக்கோணுமில்ல?" என்றாள்.

அதன் பிறகு ஒரு விடியற்காலையில் அம்புரோஸ் என் கதவைத் தட்டினார். வாயில் விரல் வைத்துக் காட்டினார். அவர் வீட்டு வாசலுக்குப் போனோம். எதிரே, முற்றத்துக்கு அப்பால் சங்க அறை. திறந்திருந்த முன் சன்னலின் கம்பிகளினூடே உள்ளே பெஞ்சுகளின் முதுகுகளும், ஒரு பக்கமாக அடுக்கிய மூட்டைகளும், கொடியும் மங்கலாகத் தெரிந்தன. பின்சுவரின் உயரத்தில் காற்றுக்காக விட்ட சதுரத் துளையில் மட்டும் விடியலின் சாம்பல் வெளிச்சம் இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தச் சதுரம் அணைந்தது. ஒரு பெரிய நெற்றி அதை முழுவதும் மூடிவிட்டது.

அம்புரோஸின் கைவிரல்கள் என் முழங்கையைப் பற்றின. அவருக்குப் பின்னால், கூடைக்கு அடியில், கோழி ஒரு சத்தமும் செய்யவில்லை. சுவரிலிருந்து காரை உதிரும் ஒலிக்காகக் காத்திருந்தோம். அந்தச் சுவரின் ஒவ்வொரு கல்லும் யார் தலையில் ஏறி வந்ததென்று அவருக்குத் தெரியும். சதுரத்தில் மீண்டும் கொஞ்சம் வெளிச்சம் பிறந்தது. அதனூடே ஒரு துதிக்கை உள்ளே இறங்கிற்று. மூட்டைகள் அதற்கு எட்டாத தூரத்தில் இருந்தன. அது அவசரப்படவில்லை. ஓரப் பெஞ்சின் முதுகைத் தொட்டது. மாரியாயி அமர்ந்த மூலையில் சற்று நேரம் தங்கி முகர்ந்தது. பிறகு காற்றில் நிமிர்ந்து, அப்படியே நின்று, நீளமாக மூச்சு விட்டது.

சுவரில் கொடி ஒருமுறை உப்பி எழுந்தது, அடங்கியது, மறுபடியும் எழுந்தது.