ஆமைக்கறி

அக்கா அல்டெனிராவின் தலைமுடியைப் பரிசோதித்த தாள் மூன்று மாதம் கழித்துப் படகில் வந்தது. முடியில் பாதரச அளவு ஆறுக்கு மேல் போகக் கூடாது. அவள் முடியில் பதினேழு இருந்தது. வயிற்றில் ஏழு மாதம்.

எங்கள் அமேசான் காட்டில் ஓடும் தபஜோஸ் ஆற்றில் தங்கம் அரிப்பவர்கள் விடும் பாதரசம் மீனுக்குள் போகிறது. சின்ன மீனைத் தின்று தின்று பெரிய மீன் விஷமாகிறது. நர்சிங் பரீட்சையில் இதை எழுதி மார்க் வாங்கினேன். ஊரில் சொன்னபோது சிரித்தார்கள்.

அக்காவின் மூத்த பையனுக்கு மூன்று வயது. இன்னும் நிற்கவில்லை.

"வயித்துப்பிள்ளையோட ஆமை தின்னிருக்கா, கள்ளி. அதான் பிள்ளை ஆமையாட்டம் கெடக்கு" என்று அவள் மாமியார் சொல்லிச் சொல்லி ஊரே நம்பிவிட்டது. அக்கா ஆமையைத் தொட்டதுகூட இல்லை. அந்தப் பழிக்குப் பயந்து, இந்தத் தடவை எந்தக் கறியும் வேண்டாமென்று மூன்று வேளையும் மீனே தின்றாள். மச்சான் ரோசிவானும் பாசத்தில், வலையில் விழுந்ததிலேயே பெரியதை அவளுக்கு ஒதுக்கினார்.

நான் அக்காவின் மீன் தட்டைப் பிடுங்கினேன்.

"பின்ன எதைடி திங்கறது? உன் தாளையா?"

வேறு கறி தேடி மச்சானைக் காட்டுக்கு விரட்டினேன். இரண்டு நாள் கழித்து இலை தழை தின்னும் ஒரே ஒரு காட்டு ஆமையோடு வந்தார்.

"இதுதான் கெடச்சுது. ஏசாதே புள்ள."

மாமியார் கத்தினாள். "படிச்சவளே! ஒண்ணு முடமானது பத்தலையா உனக்கு?"

"முடமாக்குனது உங்க மகன் ஆசையா கொண்டாந்த மீனு!"

சொன்ன பிறகுதான் மச்சானின் முகத்தைப் பார்த்தேன். அவர் ஆமையை அப்படியே தரையில் வைத்துவிட்டு வெளியே போனார்.

நானே வெட்டி வேகவைத்தேன். மரவள்ளி மாவோடு பிசைந்து அக்காவின் முன்னால் உட்கார்ந்தேன். அவள் கை வயிற்றைவிட்டு நகரவில்லை.

"இதுவும் நிக்கலேன்னா ஆமையாலதான்னு சொல்லுவாங்கடி."

"நான்தான் ஊட்டினேன்னு சொல்லு. என்னை அடிக்கட்டும்."

"இப்ப தின்னா சரியாயிடுமா?"

அந்தத் தாளை எத்தனை முறை புரட்டியிருப்பேன். போன ஏழு மாதத்துக்கு என்ன செய்வதென்று அதில் ஒரு வரியும் இல்லை.

"வாயைத் திற" என்றேன்.

என்னைப் பார்த்துக்கொண்டே திறந்தாள்.